பயந்த குழந்தையின் சொத்தைப் பல்லுக்கு சிகிச்சை: முதல் முறை போகும் பெற்றோருக்கு

“சும்மா பார்த்துட்டு வந்துடலாம், ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

என் மகளுக்கு நான்கு வயதில் நான் சொன்ன பொய் இது. அவளுடைய கடைவாய்ப் பற்களில் சொத்தை இருந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கே ஏதோ செய்யப்போகிறார்கள் என்பதும் தெரியும். நாற்காலி பின்னால் சாய ஆரம்பித்ததும் இரண்டு உதடுகளையும் வாய்க்குள் மடித்துக் கவ்விக்கொண்டாள். உதடு இருந்த இடத்தில் ஒரு கோடுதான் தெரிந்தது. ஒருவர் தலையைப் பிடித்தார், நான் கையைப் பிடித்தேன், பத்து நிமிடத்தில் ஒரு பல்லை அடைத்து முடித்தார்கள். மூன்றே மாதத்தில் அந்த அடைப்பு விழுந்துவிட்டது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. வீட்டில் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலே அதே கோடு.

மிச்சமிருந்த மூன்று பற்களுக்கும் வேறொரு மருத்துவரிடம் சிகிச்சை நடந்தது. கொஞ்சம் அழுகை இருந்தது, ஆனால் யாரும் அவளைப் பிடிக்கவில்லை. அந்த இரண்டு அனுபவங்களுக்கும் நடுவே நான் படித்ததையும் கேட்டதையும் செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். குழந்தைக்கு எந்த சிகிச்சை என்பதில் பாதியைச் சொத்தையின் ஆழம் முடிவு செய்தால், மீதிப் பாதியைப் பயத்தின் ஆழம் முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

முதலில்: எவ்வளவு அவகாசம் இருக்கிறது?

பயத்தைப் பழக்கிச் சரிசெய்ய நாள் வேண்டும். அந்த நாள் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கன்னமோ தாடையோ வீங்கியிருந்தால், பல்வலியோடு காய்ச்சல் இருந்தால், வீக்கம் கண்வரை ஏறினால், வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால், அது அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம். விழுங்குவதிலோ மூச்சிலோ சிரமம் என்றால் பல் க்ளினிக்கைத் தேட வேண்டாம், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நேரத்தில் குழந்தையின் பயத்தைவிடக் கிருமித் தொற்று பெரிது.

வலி எப்படி வருகிறது என்பதையும் கவனித்துக் குறித்து வையுங்கள். இனிப்போ குளிர்ச்சியோ பட்டதும் சுருக்கென்று வந்து உடனே போய்விட்டால், பல்லின் நரம்பு பெரும்பாலும் இன்னும் நன்றாக இருக்கும். எதுவும் சாப்பிடாதபோதே வலிக்கிறது, தூக்கத்திலிருந்து அழுதுகொண்டு எழுகிறாள் என்றால் சொத்தை நரம்பைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஈறில் பரு மாதிரி ஒரு சின்னக் கொப்புளம் வந்து, அதன்பின் வலி நின்றுபோனால் பல பேர் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சீழ் வெளியேற வழி கண்டுபிடித்ததற்கான அடையாளம். உள்ளே தொற்று இருக்கிறது, சீக்கிரம் காட்ட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தள்ளக்கூடாது. பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலைவிட மெல்லியது, நரம்பு இருக்கும் அறையும் பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் பெரியவர்களுக்கு மெதுவாகப் போகும் சொத்தை குழந்தைக்கு வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

“விழப்போற பல்தானே” என்று யாராவது சொல்வார்கள். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுவது உண்மை. கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தப் பல் இன்னும் ஆறேழு வருடம் வேலை செய்ய வேண்டும். மெல்லுவதோடு, கீழிருந்து வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதன் வேலைதான்.

காத்திருக்கும் நாட்களில் வலி வந்தால், எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ரேய் சின்ட்ரோம் என்ற அபூர்வமான, உயிருக்கே ஆபத்தான பாதிப்போடு அதற்குத் தொடர்பு உண்டு. மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்தால் ஈறு வெந்துவிடும். பல்வலிக்கென்று விற்கும் பென்சோகேன் ஜெல்லை இரண்டு வயதுக்குள் தடவாதீர்கள். ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும் ஆபத்து இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது.

யாரிடம் போவது, என்ன கேட்பது

முடிந்தால் குழந்தைகளுக்கான பல் மருத்துவரிடம் போங்கள். பல் மருத்துவம் படித்த பிறகு, குழந்தைகளின் பற்களையும் குழந்தைகளின் நடத்தையையும் தனியாகப் படித்துப் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். கிடைக்காவிட்டால், சிறு குழந்தைகளை அடிக்கடி பார்க்கும் பொதுப் பல் மருத்துவரும் போதும். எங்கே போனாலும், முன்பதிவு செய்யும்போதே போனில் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

முதல் நாளே சிகிச்சை தொடங்குவீர்களா, இல்லை பழகிக்கொள்ள ஒரு நாள் தருவீர்களா? நான் உள்ளே கூடவே இருக்கலாமா? ட்ரில் போடாமல் செய்யக்கூடிய சிகிச்சைகள் உங்களிடம் உண்டா? குழந்தை ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை உன்னிப்பாகக் கேளுங்கள். “நிறுத்திட்டு இன்னொரு நாள் பார்ப்போம்”, “முதல்ல வேற சின்ன வேலையா செஞ்சு பழக்குவோம்” என்று சொல்பவரிடம் தைரியமாகப் போகலாம். “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்றால் இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள். கத்தும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் ஒரு முறை முன்பு பாடத்திலேயே இருந்தது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2006-இல் அதைத் தன் வழிகாட்டுதல்களிலிருந்து எடுத்துவிட்டது. கை கால்களைப் பிடித்து வைப்பது, சுற்றிக் கட்டுவது ஆகியவை இன்றும் சில அவசர நிலைகளில் தேவைப்படலாம். அப்போதும் ஏன், எவ்வளவு நேரம் என்று முன்பே விளக்கி, உங்கள் சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. என் கையும் சேர்ந்துதான் அவளைப் பிடித்திருந்தது; இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

ட்ரில் மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள்

பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத பகுதி இது. சொத்தை என்றால் குடைந்து அடைப்பது, முற்றினால் பிடுங்குவது என்ற இரண்டைத்தான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பயந்த குழந்தைக்கு இந்த இரண்டுக்கும் முன்னால் பல படிகள் இருக்கின்றன. எந்தப் பல்லுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் பெயர் தெரிந்தால்தான் நாம் கேட்கவே முடியும்.

ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளைத் திட்டு மட்டும் இருந்தால், குழி இன்னும் விழவில்லை. ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற, பல்லின் மேல் பூசும் மருந்தைத் தடவி, பல் தேய்ப்பதைச் சரிசெய்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வார்னிஷ் தடவ இரண்டு மூன்று நிமிடம் போதும். ஊசி இல்லை, சத்தம் இல்லை.

குழி விழுந்திருந்தாலும் நரம்பு வரை போகவில்லையென்றால் எஸ்.டி.எஃப் பற்றிக் கேளுங்கள். முழுப்பெயர் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. பெரும்பாலும் 38 சதவீதக் கரைசலாக வரும். பல்லைத் துடைத்துக் காயவைத்து, குழிக்குள் ஒரு சொட்டைத் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் விடுவார்கள். வெள்ளி கிருமிகளைக் கொல்கிறது, ஃப்ளோரைடு பல்லைக் கெட்டிப்படுத்துகிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இதில் ஒரு குறை உண்டு, அதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள்: சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். கடைவாய்ப் பல்லில் யாருக்கும் தெரியாது, முன்பல்லில் தெரியும். உதட்டிலோ கன்னத்திலோ பட்டால் அங்கேயும் கறை படியும்; ஆனால் தோல் கறை சில நாட்களில் தானாகப் போய்விடும். ஒரு தடவையோடு முடிவதும் இல்லை, சில மாதங்கள் கழித்து மறுபடி தடவ வேண்டியிருக்கும். வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. என் கருத்தைக் கேட்டால், கறுப்புக்காகத் தயங்கிக் குழந்தையைக் கட்டாயப்படுத்துவதைவிடக் கறுத்த கடைவாய்ப் பல் ஆயிரம் மடங்கு மேல். அந்தப் பல் விழும்போது கறுப்பும் சேர்ந்தே விழுந்துவிடும். எஸ்.டி.எஃப் தடவி நாள் வாங்கிக்கொண்டு, குழந்தை கொஞ்சம் வளர்ந்து தைரியம் வந்தபின் அதன் மேலேயே அடைத்துக்கொள்ளவும் முடியும்.

அடுத்தது, ட்ரில் இல்லாமல் கைக்கருவியால் மென்மையாகிப்போன சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் என்ற பசை போன்ற பொருளால் அடைப்பது. இந்த முறை 1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் பல் நாற்காலியும் இல்லாத இடங்களில் சிகிச்சை தருவதற்காகத் தொடங்கியது. சத்தமும் அதிர்வும் இல்லாததால் பயந்த குழந்தைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பெரும்பாலும் மரப்பு ஊசியும் தேவைப்படாது.

இரண்டு கடைவாய்ப் பற்களின் நடுவில் சொத்தை இருந்தால் ஹால் முறை என்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. ஊசி போடாமல், பல்லைக் குடையாமல், அளவான ஒரு ஸ்டீல் கேப்பைச் சிமென்ட் தடவிப் பல்லின் மேல் அழுத்தி மாட்டிவிடுவார்கள். சொத்தை உள்ளேயே அடைபட்டு, சர்க்கரை போக வழியில்லாமல் கிருமிகள் அடங்கிப்போகும். சில பற்களுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகப் பற்களுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்குவார்கள். மாட்டும்போது ஈறில் அழுத்தம் தெரியும். கொஞ்ச நாளைக்குக் கடி உயரமாக இருப்பதாகக் குழந்தை சொல்லும், தானாகச் சரியாகிவிடும். என் மகளின் இரண்டு பற்களுக்கு இதுதான் செய்தார்கள். அவளையே “நறுக்குனு கடி” என்று சொல்லிக் கடிக்க வைத்து மாட்டினார் டாக்டர். தன் பல்லைத் தானே சரிசெய்ததாக இன்றுவரை சொல்கிறாள்.

சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் மேலே சொன்ன எதுவும் போதாது. நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைப்பது, அல்லது வேர் வரை சுத்தம் செய்வது, இல்லையென்றால் பல்லையே எடுப்பது என்றுதான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மரப்பு ஊசி உண்டு. கடைவாய்ப் பல்லை எடுத்தால், பக்கத்துப் பற்கள் சாயாமல் இருக்க இடம் காக்கும் கம்பி வேண்டுமா என்று மறக்காமல் கேளுங்கள்.

வீட்டில் ஒத்திகை

முதல் சந்திப்புக்கு முன் ஒரு வாரம் தினமும் ஐந்து நிமிடம் போதும். உங்கள் மடியில் குழந்தையின் தலை இருக்குமாறு படுக்க வையுங்கள். அண்ணாந்து படுத்து வாயைத் திறப்பதே ஒரு குழந்தைக்குப் பெரிய விஷயம். வயிறும் கழுத்தும் திறந்து கிடக்க, மேலே ஒரு முகம் குனிகிறது. பழகாத குழந்தைக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

ஒரு சின்ன டார்ச்சும் பிரஷ்ஷின் பின்பக்கமும் எடுத்துக்கொண்டு பல்லை எண்ணுங்கள். மொத்தம் இருபது பால் பற்கள். முதல் நாள் மூன்று பல்லோடு நிறுத்துங்கள், அவள் இன்னும் எண்ணச் சொன்னாலும் நிறுத்துங்கள். மறுநாள் ஐந்து. நாங்கள் செய்தபோது நான்காவது நாள் அவள் கேட்டாள், “இப்போ நான் எண்ணட்டா?” நான் படுத்தேன். என் வாய்க்குள் டார்ச் அடித்து, நாக்கை விரலால் ஓரமாக ஒதுக்கி, பெரிய மனுஷி மாதிரி “இன்னும் நல்லா தொறங்க” என்றாள். பயம் அவளிடமிருந்து இடம் மாற ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அடிப்படை முறையும் இதேதான்: சொல், காட்டு, செய். 1959-இல் அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை எழுதி வைத்தார். என்ன நடக்கப்போகிறது என்று குழந்தையின் மொழியில் சொல்வது, கருவியைக் காட்டித் தொட்டுப் பார்க்க விடுவது, சொன்னபடியே செய்வது. சொன்னதைவிட ஒன்றைக்கூட அதிகமாகச் செய்யாததில்தான் இதன் பலம் இருக்கிறது.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு முந்தின நாள் மாலையோ அன்று காலையோ சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரம் பயப்படும். ஐந்து ஆறு வயது என்றால் இரண்டு நாள் முன்பு சொல்லலாம். அவர்களுக்குக் கேள்வி கேட்க நேரம் வேண்டும்.

வார்த்தைகள்

“வலிக்காது, பயப்படாதே” என்று சொன்னால் குழந்தையின் காதில் விழுவது இரண்டு சொற்கள்: வலி, பயம். அதுவரை அது யோசிக்காததை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். ஊசி, குடைவது, பிடுங்குவது, ரத்தம் ஆகிய சொற்களை வீட்டில் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்போடு தலையைத் தடவியபடியே தன் பல் பிடுங்கிய கதையைச் சொல்லும் பெரியவர் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார்; அவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். அடம் பிடிக்கும்போது “டாக்டர் கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்” என்று மிரட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். தண்டனையாகக் காட்டிய ஆளிடமே போய் வாயைத் திற என்றால் எந்தக் குழந்தை திறக்கும்?

அதற்காகப் பொய்யும் சொல்லக்கூடாது. மரப்பு ஊசி உண்டென்றால், “பல்லைத் தூங்க வைக்கிற மருந்து கொடுப்பாங்க. கொஞ்சம் அழுத்தும், கொஞ்சம் சுருக்குனு இருக்கும். பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள போயிடும்” என்று சொல்லலாம். “எனக்குத் தெரியாது, டாக்டர்கிட்ட நீயே கேளு” என்பதும் நல்ல பதில்தான். டாக்டர் என்ன சொற்கள் பயன்படுத்துகிறார் என்று கேட்டு, வீட்டிலும் அதையே பேசுங்கள். எச்சில் இழுக்கும் குழாய்க்கு உறிஞ்சி, ட்ரில்லுக்குத் தண்ணித் துப்பாக்கி, பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் ஷீட்டுக்கு மழைக்கோட்டு என்று சொல்லுவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் என்றால் குழந்தைக்குப் பழகின விஷயமாகிவிடும்.

சிகிச்சை நாள்

காலை நேரம் வாங்குங்கள். சாயங்காலம் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் எந்த ஒத்திகையும் செல்லாது. சளியோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். மூக்கு அடைத்த குழந்தையால் வாயைத் திறந்து வைத்திருக்க முடியாது. மயக்க மருந்து இல்லையென்றால் லேசாகச் சாப்பிட வைத்தே கூட்டிப்போங்கள். பிடித்த பொம்மையோ போர்வையோ ஒன்று கையில் இருக்கட்டும்.

உங்களுக்கே பல் டாக்டர் என்றால் பயமா? அப்படியானால் அன்றைக்கு வீட்டில் வேறு யாராவது கூடப் போகட்டும். குழந்தை நம் முகத்தைப் பார்த்துத்தான் இந்த இடம் ஆபத்தா என்று முடிவு செய்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தாலும், கையை இறுக்கிப் பிடிப்பதில் காட்டிக்கொடுத்துவிடுவோம்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை நாற்காலியில் தனியாக உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்களும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் சேர எதிரெதிராக உட்கார்ந்து, குழந்தை உங்களைப் பார்த்தபடி உங்கள் இடுப்பில் காலைப் போட்டுக்கொண்டு, தலை டாக்டர் மடியில் படும்படி சாய்ந்தால் போதும். பரிசோதனையும் வார்னிஷும் இப்படியே முடிந்துவிடும். இந்த வயதில் அழுவது இயல்பு. அழும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கும் என்பதால் டாக்டருக்கு அது தொந்தரவே இல்லை.

கொஞ்சம் பெரிய குழந்தைக்கு நிறுத்தச் சொல்லும் உரிமையைக் கொடுங்கள். இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்திவிடுவார் என்று மூவரும் பேசி வையுங்கள். முதல் இரண்டு தடவை குழந்தை சும்மா சோதித்துப் பார்க்கத்தான் கையைத் தூக்கும். அப்போது உண்மையிலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள் என்று தெரிந்தபின் என் மகள் கையைத் தூக்கவே இல்லை. மடியில் வைத்திருந்த இடது கை மட்டும் தயாராக, விரல்கள் விரிந்தபடி இருந்தது.

சிகிச்சை நடக்கும்போது ஒரு குரல்தான் கேட்க வேண்டும், அது டாக்டரின் குரல். நீங்கள் ஒரு பக்கம், உதவியாளர் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம் பேசினால் குழந்தை குழம்பிப்போகும். காலையோ முழங்காலையோ மெதுவாகத் தொட்டுக்கொண்டு பேசாமல் இருங்கள். ஊசிக்கு முன் ஈறில் மரப்பு ஜெல் தடவினால் ஓரிரு நிமிடம் ஊற விட வேண்டும். அவசரப்படுத்தினால் ஜெல் தடவியதே வீண். ஊசியைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியாமல் கொண்டுவரப் பழகியவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த நேரத்தில் ஊசியை எட்டிப் பார்த்தால் குழந்தையும் பார்க்கும்.

குழந்தை ஒத்துழைப்பதை நான்கு நிலைகளாகப் பிரித்துக் குறிக்கும் ஃபிராங்க்ல் அளவுகோல் ஒன்று 1962 முதல் இருக்கிறது. முழு மறுப்பு 1, முழு ஒத்துழைப்பு 4. இன்றைக்கு எத்தனை என்று டாக்டரிடம் கேளுங்கள். 1-இலிருந்து 2-க்கு வந்திருந்தால் அன்றைக்கு ஒரு பல்கூட அடைக்காமல் திரும்பினாலும் அது முன்னேற்றம்தான்.

இத்தனையும் செய்தும் முடியாவிட்டால்

சில குழந்தைகளுக்கு முடியாது. மிகச் சின்ன வயது, பத்துப் பன்னிரண்டு சொத்தை, ஆட்டிசம் போன்ற காரணங்கள் இருக்கலாம். அப்போது மருந்தின் உதவியைக் கேட்பதில் எந்தத் தோல்வியும் இல்லை.

முதல் படி, சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு. 1844-இல் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதை முகர்ந்துகொண்டு தன் பல்லையே எடுக்கச் சொல்லிப் பரிசோதித்தார். இன்று ஆக்ஸிஜனோடு கலந்து மூக்கில் மாட்டும் சின்ன மாஸ்க் வழியாகக் கொடுக்கிறார்கள். குழந்தை விழித்திருக்கும், பேசும், ஆனால் பதற்றம் தளர்ந்திருக்கும். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்ஸிஜன் கொடுத்ததும் தெளிந்துவிடும். மாஸ்க்கை மூக்கில் வைத்துக்கொள்ளும் அளவுக்காவது ஒத்துழைப்பு வேண்டும், மூக்கும் அடைத்திருக்கக் கூடாது.

அடுத்தது முழு மயக்கம். எல்லாப் பற்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், குழந்தைக்கு எதுவும் நினைவில் இருக்காது. மயக்க மருத்துவர் ஒருவர் தனியாக இருந்து குழந்தையின் மூச்சையும் இதயத் துடிப்பையும் மட்டுமே கவனிக்க வேண்டும். பல் வேலை செய்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வார் என்றால் சம்மதிக்காதீர்கள். வயிறு காலியாக இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பொதுவாகச் சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரம் முன்பு, தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்பு, தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனை தரும் நேரத்தை அப்படியே பின்பற்றுங்கள். பசிக்கிறது என்று அழுததற்காக ஒரு வாய் ஊட்டிவிட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஒரு தடவை, குறைந்த நேரம் என்றால் பாதிப்பு வர வாய்ப்பு குறைவு என்றும் அதே அமைப்பு சொல்கிறது. மிகச் சின்னக் குழந்தைக்கு எஸ்.டி.எஃப் தடவி வயது கூடக் காத்திருக்கலாமா என்று கேட்பது இதனால்தான்.

தூக்க மருந்து எதையும் நீங்களாக வீட்டில் கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் மூச்சு தளர்ந்தால் கவனிக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

மரப்பு உதட்டிலும் நாக்கிலும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் குழந்தை விளையாட்டாக உதட்டைக் கடித்துக்கொண்டே இருக்கும், வலி தெரியாததால் நிறுத்தாது. மறுநாள் காலையில் உதடு வீங்கிப் புண்ணாகி நிற்கும்போது சிகிச்சையே கெட்டுவிட்டதோ என்று பெற்றோர் பதறுவார்கள். மரப்பு போகும்வரை மெல்லும் உணவு வேண்டாம், தூங்கவும் விடாமல் கண்முன்னே வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசு கொடுப்பதென்றால் முடிந்த பிறகு கொடுங்கள், எதற்கென்று சொல்லிக் கொடுங்கள்: “வாயைத் திறந்தே வச்சிருந்தல்ல, அதுக்கு.” முன்பே பேரம் பேசினால், இவ்வளவு பெரிய பரிசு தருகிறார்கள் என்றால் ஏதோ பயங்கரமாக நடக்கப்போகிறது என்று குழந்தை கணக்குப் போடும். இரவில் படுக்கும்போது நடந்ததை அவளிடமே சொல்லச் சொல்லுங்கள். அழுத இடத்தை மறைக்க வேண்டாம், கையைத் தூக்கியதும் டாக்டர் நிறுத்திய இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்ல வையுங்கள். குழந்தையின் நினைவில் இந்த நாள் எப்படித் தங்குகிறது என்பது அடுத்தடுத்த நாட்களில் நாம் பேசும் விதத்தையும் பொறுத்தது.

பல் தேய்ப்பது காலையும் இரவும், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால்: மூன்று வயது வரை அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. தேய்த்துவிடுவது நீங்கள்தான். ஏழெட்டு வயது வரை குழந்தையின் கைக்கு அந்த வளைவு நெளிவு வராது. இரவு தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, பாலும் சேர்த்துத்தான்.

க்ளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே அடுத்த நாளைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து, சிகிச்சை எதுவும் இல்லாமல், பல்லை எண்ணி வார்னிஷ் தடவுவதற்கு மட்டும் ஒரு நாள். போகும்போது “இன்னைக்கு எண்ணுவாங்க, வார்னிஷ் தடவுவாங்க, அவ்வளவுதான்” என்று சொல்லுங்கள். அன்றைக்கு வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று டாக்டரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.